நன்றாக வருகிற வேலைக்கு முன்னால் நாம் ஏன் ஜெபிப்பதில்லை?

ஒலிவமரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சில வாரங்களாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே கொட்டிவிடுகிறேன்.

நான் 18 வருடமாக வேதபாடம் நடத்துகிறேன். பேச்சு எனக்கு எளிதாக வரும். ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தால் போதும், எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம் என்று மனதுக்குள் ஓர் உருவம் வந்துவிடும். போன மாதம் எனக்குக் காய்ச்சல். என் இடத்தில் ஒரு தம்பி பேசினார். நாலு பேர் முன்னால் நின்றாலே அவருக்குக் குரல் நடுங்கும். அன்று காலையிலிருந்தே முழங்காலில் நின்றிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கூட்டத்துக்கு வந்த ஒருவர் தன் அண்ணனோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர். அன்று இரவே போய்க் கதவைத் தட்டிப் பேசிவிட்டாராம். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுருக்கென்று ஒரு வலிதான் முதலில் வந்தது. ‘இதே பகுதியை நான் மூன்று தடவை நடத்தியிருக்கிறேனே, அப்போதெல்லாம் இவர் முன்வரிசையில்தானே இருந்தார்’ என்ற நினைப்பு.

அந்த வலி எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே போனேன். பரிசோதனை முடிவு வரும் நாளில் ஜெபிக்கிறேன். கடன் கேட்கப் போகும் நாளில் ஜெபிக்கிறேன். மகள் தேர்வு எழுதும்போது ஜெபிக்கிறேன். பாடம் நடத்தப் போகும்போது மட்டும் பேருக்கு ஒரு ஜெபம். தெரியாத வேலைக்குத் தேவன் வேண்டும், தெரிந்த வேலைக்கு நானே போதும். வாய்விட்டு ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. ஆனால் 18 வருடமாக இப்படித்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

பலவீனத்தில் அவர் மேல் சாய்வது எல்லோருக்கும் வரும், வேறு வழியில்லை. பலத்தில் எப்படிச் சாய்வது? இதுதான் என் கேள்வி.

கடுகுவிதை எழுதியது:

சகோதரரே, நான் ஜெபிக்கத் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எதற்கு ஜெபிக்கிறேன், எதற்கு விட்டுவிடுகிறேன் என்ற கணக்கை இன்றைக்குத்தான் போட்டுப் பார்த்தேன். எனக்கும் நீங்கள் சொன்ன விடைதான் வருகிறது.

யூதாவை ஆண்ட உசியா ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். 16 வயதில் ராஜாவானவர், 52 வருடம் ஆண்டவர். கிணறுகள் வெட்டினார், வெள்ளாண்மையில் பிரியமாயிருந்தார், அம்பும் பெரிய கற்களும் எறிகிற இயந்திரங்களை எருசலேமின் கோபுரங்களில் வைத்தார். படையில் 3,07,500 பேர். இரண்டாம் நாளாகமம் 26ஆம் அதிகாரம் இதையெல்லாம் ஆசையாக அடுக்கிக்கொண்டே வந்து சட்டென்று திரும்புகிறது: அவர் பலப்பட்டபோது மனம் மேட்டிமையானது. தோற்றபோது அப்படி ஆகவில்லை, பஞ்சத்தில் ஆகவில்லை. பலப்பட்டபோது! ஆசாரியர் மட்டும் தூபங்காட்ட வேண்டிய பீடத்துக்குத் தானே போய் நின்றார். அசரியாவும் 80 ஆசாரியரும் வந்து தடுத்தார்கள். அவர் கோபப்பட்டார், அந்தக் கோபத்தோடு நிற்கும்போதே நெற்றியில் குஷ்டம் தோன்றியது. தொட்டதெல்லாம் கைகூடின மனிதருக்குத் தன் கை போகக்கூடாத இடம் ஒன்று உண்டு என்பதே மறந்துபோயிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

மோசேயின் கதை எனக்கு இன்னும் அதிகப் பயம் தருகிறது. பூமியிலுள்ள எல்லா மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவர் என்று எண்ணாகமம் 12 சாட்சி சொன்ன மனிதர். எட்டே அதிகாரம் தள்ளிப் பாருங்கள். ஜனங்கள் தண்ணீர் இல்லாமல் முறையிட்டபோது, கன்மலையைப் பார்த்துப் பேசு என்றார் கர்த்தர். மோசே ஜனங்களைத் திட்டினார், ‘உங்களுக்கு நாங்கள் தண்ணீர் தர வேண்டுமோ’ என்ற பொருளில் கேட்டார், கோலால் இரண்டு தரம் அடித்தார். அந்த ‘நாங்கள்’ என்ற சொல்லில்தான் என் கண் நிற்கிறது. சாந்தம் அவருடைய பலம், அவர் விழுந்ததும் சாந்தத்தில்தான். பேதுருவின் பலம் தைரியம். அவர் விழுந்தது ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்குப் பயந்து, இயேசுவைத் தெரியாது என்று சொன்னபோது. பலவீனமான இடத்தில் நாம் காவல் போடுகிறோம். பலமான இடத்தில் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறோம்.

இன்னொன்றும் பாருங்கள். மோசே தவறாக அடித்தபோதும் தண்ணீர் ஏராளமாய் வந்தது. வராமல் போயிருந்தால் அவருக்கே உடனே உறைத்திருக்கும். அதனால் பாடம் நன்றாக நடந்தது, ஜனங்கள் பாராட்டினார்கள் என்பதை வைத்து நம் உள்ளம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் வந்தது தாகமாயிருந்தவர்களுக்காக.

கூழாங்கல் எழுதியது:

மன்னிக்கவும், எனக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நான் வயலின் வாசிக்கிறவன். தினமும் நான்கு மணி நேரம், 11 வருடம். இடது கை விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய்விட்டது. யாராவது நன்றாக வாசித்தாய் என்று சொன்னால், ‘நான் ஒன்றுமே இல்லை, எல்லாம் அவர் செயல்’ என்று சொல்லவேண்டும் என்று சிறுவயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது. கேட்கிறவர் ‘இல்லை இல்லை, நீதான்’ என்று மறுபடி சொல்லவேண்டும் என்று மனம் காத்திருப்பதும் எனக்குத் தெரிகிறது.

திறமை இருந்தும் இல்லை என்று சொல்வதுதான் தாழ்மையா? பொய் சொல்லிக் கும்பிட எனக்கு மனம் வரவில்லை.

கடுகுவிதை எழுதியது:

பொய் வேண்டாம் தம்பி. வேதம் உன்னிடம் அதைக் கேட்கவில்லை.

முதலாம் கொரிந்தியர் 15:10 எடுத்துப் பார். மற்ற அப்போஸ்தலர் எல்லாரையும்விட நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்று பவுல் வெளிப்படையாகவே எழுதுகிறார். மூச்சு விடுவதற்குள், ஆனாலும் நானல்ல, என்னோடிருக்கிற கிருபைதான் என்கிறார். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது. உழைத்ததையும் அவர் மறைக்கவில்லை, அந்த உழைப்பைத் தன் பேரில் எழுதிக்கொள்ளவும் இல்லை. உபாகமம் 8ஆம் அதிகாரமும் அப்படித்தான். இந்த ஐசுவரியத்தை நீ சம்பாதிக்கவில்லை என்று அங்கே சொல்லவில்லை. என் கைபலம் சம்பாதித்தது என்று சொல்லிக்கொள்ளாதே, சம்பாதிக்கிற பெலனைக் கொடுத்தவரை நினை என்றுதான் இருக்கிறது.

நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரும் பொறுமை எங்கிருந்து வந்தது? சுருதி விலகினால் கண்டுபிடிக்கிற காதை யார் வைத்தது? திரும்பத் திரும்பத் திருத்திய ஆசிரியர் உனக்கு எப்படிக் கிடைத்தார்? காய்த்துப்போன விரலை நீ மறைக்க வேண்டியதில்லை. உழைக்க முடிந்ததையே நன்றிக் கணக்கில் சேர்த்துக்கொள். யாராவது பாராட்டினால் ‘சந்தோஷம், நன்றி’ என்று சொல், போதும். மீதியை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் சொல்.

உழவாரம் எழுதியது:

ஐயா, அம்மா, நான் சைவன். வேறு நெறியிலிருந்து வந்து பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பேசும் பொருள் எங்களுக்கும் உயிர்நாடியானது என்பதால் எழுதுகிறேன்.

சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிடித்த மலம், அதாவது அழுக்கு, மூன்று: ஆணவம், கன்மம், மாயை. மூலமலம் ஆணவம். நெல்லுக்கு உமி போல, செம்பில் களிம்பு போல உயிரோடு கூடவே இருப்பது. ஆணவம் என்ற சொல்லை ‘அணு’ என்பதிலிருந்து விளக்குவார்கள். விரிந்து நிற்கவேண்டிய உயிரை அது அணுவளவாகச் சுருக்கிவிடுகிறது. செருக்குப் பிடித்தவனைப் பெரிதாக ஊதிப்போனவன் என்றுதான் உலகம் நினைக்கும், எங்கள் ஆசிரியர்கள் சுருங்கிப்போனவன் என்றார்கள். ஒலிவமரம் ஐயா சொன்ன அந்தச் சுருக்கென்ற வலியைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு அண்ணன் தம்பிகள் சேர்ந்துகொண்ட அவ்வளவு பெரிய மகிழ்ச்சி, அது நுழைய முடியாத அளவுக்கு அன்று உள்ளே இடம் குறுகியிருந்தது. பழி சொல்வதாக எண்ணாதீர்கள், எனக்கும் அதே குறுகல்தான்.

உமாபதி சிவம் திருவருட்பயனில் ஆணவத்தை இருளோடு வைத்துப் பார்க்கிறார். இருள் மற்றப் பொருளை மறைக்கும், ஆனால் தான் இருப்பதைக் காட்டிவிடும். ஆணவம் மற்றதையும் மறைக்கும், தன்னையும் மறைத்துக்கொள்ளும். அதனால்தான் நம்மிடம் இருப்பது நமக்கே தெரிவதில்லை. நீங்கள் உங்களுடையதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால், அந்த வெளிச்சமே உங்கள் சொந்த முயற்சியால் வந்ததில்லை, அருளால் வந்தது என்றுதான் நான் கொள்வேன்.

கேன உபநிடதத்தில் ஒரு கதை. தேவர்கள் போரில் வென்றுவிட்டு வெற்றி தங்களுடையது என்று களித்திருந்தார்கள். எதிரே ஓர் யட்சன் வந்து நின்றது. யாரென்று தெரியவில்லை. அக்கினி போனான். ‘உன்னிடம் என்ன வலிமை?’ என்று கேட்டது. உலகில் உள்ளதெல்லாம் எரிப்பேன் என்றான். ஒரு துரும்பை எடுத்து வைத்தது. எரிக்க முடியவில்லை. வாயு போனான். அதே துரும்பு, அசைக்க முடியவில்லை. மூன்றாவதாக இந்திரன் போனபோது யட்சன் மறைந்துவிட்டது. தன் வலிமையைச் சொல்லிக்காட்ட அவனுக்கு ஆளே இல்லை. அந்த வெறும் வெளியில்தான் உமை தோன்றி, வந்தது பரம்பொருள், வெற்றியும் அதனுடையது என்று சொல்கிறாள். அக்கினியிடம் எரிப்பதைத்தான் கேட்டார்கள், வாயுவிடம் அசைப்பதைத்தான் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். கடுகுவிதை அம்மா மோசேயைப் பற்றிச் சொன்னதும் இதுவே.

நெடுவழி எழுதியது:

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். படிக்கப் படிக்க எனக்கு மூச்சு முட்டுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு சபையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கட்டட நிதியில் ஒரு தொகைக்கு ரசீது இல்லை. கேட்டேன். இரண்டாவது முறை கேட்டேன். ‘உனக்குத் தாழ்மை இல்லை’ என்றார்கள். படித்த பெருமை, கணக்குத் தெரிந்த பெருமை என்று ஜெபக்கூட்டத்திலேயே எனக்காக ஜெபித்தார்கள், எல்லோர் முன்னாலும். ஆறு மாதம் அது உண்மைதானோ என்று அழுதுகொண்டிருந்தேன். அந்த ரசீது கடைசி வரை வரவில்லை.

தாழ்மை என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போது எனக்கு வாயை மூடு என்றுதான் கேட்கிறது. பணிந்து போ என்று சொல்கிறவர்கள் எப்போதும் மேலே இருப்பவர்களாகவே இருக்கிறார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஒலிவமரம் எழுதியது:

உங்களுக்கு நடந்தது அநியாயம். ‘ஆனால்’ என்று எதையும் சேர்க்காமல் சொல்கிறேன். ரசீது கேட்டது பெருமை இல்லை. அதைப் பெருமை என்று சொல்லி உங்களை ஆறு மாதம் அழவைத்ததுதான் பெருமை, அதுவும் தேவனுடைய பெயரில்.

தானியேல் புத்தகத்தில் மூன்று வாலிபர்கள், ராஜா வணங்கச் சொன்ன பொற்சிலையின் முன்னால் விழவில்லை. தேவனுக்கு முன் அவர்களைவிடத் தாழ்ந்தவர் அந்தச் சமவெளியில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள், ராஜாவுக்கு முன் நின்றுகொண்டிருந்தவர்களும் அவர்கள் மட்டும்தான். யோவான்ஸ்நானன் இயேசுவைப் பற்றி, அவர் பெருக வேண்டும் நான் சிறுக வேண்டும் என்றார். ஏரோதைப் பார்த்து, நீ செய்வது நியாயமில்லை என்றவரும் அதே ஆள். முழங்கால் ஒரே இடத்தில் மடங்கிவிட்டால் மற்ற இடங்களில் மடங்கவேண்டிய அவசியம் போய்விடுகிறது.

உழவாரம் எழுதியது:

நெடுவழி அவர்களே, என் புனைபெயரே அப்பர் சுவாமிகள் கையில் வைத்திருந்த கருவிதான். கோயில் முற்றத்தில் புல் செதுக்குகிற கருவி. பணி செய்து கிடப்பதே என் கடன் என்று பாடியவர் அவர். பல்லவ மன்னனின் ஆணை வந்தபோது, நாம் யாருக்கும் குடி அல்லோம், எமனுக்கும் அஞ்சோம் என்று பாடியவரும் அவரேதான். புல் செதுக்கக் குனிந்த முதுகு அரசனுக்குக் குனியவில்லை. உங்களைக் குனியச் சொன்னவர்கள் கையில் உழவாரம் இருந்ததா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அந்தச் சொல்லை நீங்கள் சுமக்க வேண்டாம்.

சிறுகுருவி எழுதியது:

ஒரு கையால் தட்டுகிறேன், சுருக்கமாக எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்தது. வலது பக்கம் இன்னும் சரியாகவில்லை. அதற்கு முன் நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. எல்லோருக்கும் கொடுத்தவன். கேட்காமலே செய்தவன். அதுதான் என் பலம் என்று மற்றவர்களும் சொன்னார்கள், நானும் நம்பினேன். இப்போது சட்டைப் பொத்தானை மகன் போட்டுவிடுகிறான்.

முதல் வருடம் முழுக்கக் கோபம். தன் உடலை வருத்திய ஒன்றை முள் என்று சொல்லி, அதை எடுத்துவிடு என்று பவுல் மூன்று முறை கேட்டார். நான் கேட்டதற்குக் கணக்கே இல்லை. ஒரு காலையில் அவன் குனிந்து பொத்தான் போடும்போது அவன் தலை உச்சியைப் பார்த்தேன். சின்ன வயதில் நான் அவனுக்குப் போட்டுவிட்டதை அவன் வாங்கிக்கொண்டான், வெட்கப்படவில்லை. நான் மட்டும் ஏன் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறேன்?

கொடுக்கும்போது நான் மேலே இருந்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. தேவனிடம்கூடக் கொடுக்கிறவனாகவே போயிருக்கிறேன், என் ஊழியம், என் நேரம், என் காணிக்கை. வெறுங்கையோடு போய் நின்றது இப்போதுதான்.

நோய் நல்லது என்று சொல்லமாட்டேன். கை திரும்ப வரவேண்டும் என்று இன்றும் கேட்கிறேன்.

கூழாங்கல் எழுதியது:

சிறுகுருவி ஐயா, உங்கள் கை சீக்கிரம் குணமாக வேண்டும் என்று நானும் ஜெபிக்கிறேன்.

கடுகுவிதை அக்கா சொன்ன மாதிரி ‘நன்றி’ என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். லேசாக இருந்தது. ஆனால் புதிதாக ஒரு பயம் வந்திருக்கிறது. நன்றி சொல்வதிலும் பெருமை நுழையுமா?

கடுகுவிதை எழுதியது:

நுழையும். லூக்கா 18இல் ஆலயத்துக்குப் போன பரிசேயனின் ஜெபம் எப்படித் தொடங்குகிறது என்று பார். தேவனே, உமக்கு ஸ்தோத்திரம் என்றுதான். வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியத்தில் பத்தில் ஒன்று, எல்லாம் நிஜமாகவே செய்தவன், பொய் சொல்லவில்லை. நன்றி என்று தொடங்கிவிட்டுப் தூரத்தில் நின்ற ஆயக்காரனை, அந்த வரி வசூலிப்பவனை, பார்த்தான் பார், அங்கேதான் ஜெபம் திசைமாறியது.

நியாயாதிபதிகள் 7இல் மீதியானியரோடு போருக்குப் போன கிதியோனையும் சேர்த்துப் படி. 32,000 பேரோடு வந்தவரிடம், ஜனம் அதிகம், ஜெயித்தால் தங்கள் கைதான் இரட்சித்தது என்று வீம்பு பேசுவார்கள் என்றார் கர்த்தர். பயந்தவர்கள் 22,000 பேர் திரும்பிப் போனார்கள். தண்ணீர் ஓரத்தில் மறுபடி பிரித்தார், கடைசியில் 300 பேர் நின்றார்கள். இந்தப் பாதிக் கதையைத்தான் நாம் எப்போதும் சொல்கிறோம். அடுத்த அதிகாரத்தில் ஜனங்கள் ராஜாவாக இரு என்று கேட்கிறார்கள். மாட்டேன், கர்த்தர் ஆளுவார் என்று மறுக்கிறார். எவ்வளவு தாழ்மை! உடனே கொள்ளையில் கிடைத்த கடுக்கன்களைக் கேட்கிறார். 1,700 சேக்கல் பொன். அதில் ஆசாரியர் அணியும் ஏபோத் என்ற உடையை உண்டாக்கித் தன் ஊரில் வைத்தார், அதுவே அவர் வீட்டுக்குக் கண்ணியானது. 300 பேரோடு ஜெயித்தோம் என்பதே பிறகு ஒரு ஞாபகச்சின்னமாக மாறிப்போனது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆகவே ஒருமுறை தாழ்ந்துவிட்டோம், வேலை முடிந்தது என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

பயப்படாதே. பக்கத்தில் நிற்பவனைப் பார்க்காமல் அவரையே பார்த்துச் சொல்லப் பழகு. பாதியில் கண் விலகினால் திரும்பக் கொண்டுவா. உன் வயலின் பயிற்சி மாதிரிதான், சுருதி விலகும், சேர்ப்பாய்.

நெடுவழி எழுதியது:

ஒலிவமரம், உழவாரம் ஐயா இருவருக்கும் நன்றி. நேற்று இரவு வெகு நாளைக்குப் பிறகு முழங்காலில் நின்றேன். எதுவும் பேசவில்லை. யாரும் என்னை அங்கே வாயை மூடச் சொல்லவில்லை.

ஒலிவமரம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாப் பதில்களையும் பலமுறை படித்தேன்.

அந்தத் தம்பியைப் போய்ப் பார்த்தேன். அன்று எனக்குள் என்ன வந்தது என்பதை அப்படியே சொன்னேன். அவர் சங்கடப்பட்டு எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் சொன்னார், ‘அண்ணா, அன்றைக்கு நான் பேசியதே நீங்கள் முன்பு நடத்திய பாடத்தின் குறிப்பிலிருந்துதான். நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.’

அதைக் கேட்ட அந்த நொடியே எனக்குள் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்படியானால் அந்த அண்ணன் தம்பி சேர்ந்ததில் எனக்கும் பங்குண்டு! மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலேயே. உழவாரம் ஐயா சொன்ன உமி எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அன்று பார்த்தேன். அதையும் அவரிடமே சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, முழங்காலில் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். எனக்காக அவர் ஜெபித்தார், திக்கித் திக்கித்தான். நான் ஆமென் மட்டும் சொன்னேன்.

வருகிற வாரப் பாடமும் அவருடையதுதான். நான் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போகிறேன்.